வயிற்றுப்புண் என்று ஒரு பொய்

காது மெஷின் பொருத்துவதுதான் அவளுக்குத் தொழில். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். படித்தது இரண்டு வருட டிப்ளமோ. ஆனால் போகிற இடத்திலெல்லாம் ‘காது டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் “டாக்டர் இல்லைங்க, டெக்னீஷியன்” என்று திருத்திப் பார்த்தாள். திருத்துவது யார் காதில் விழப்போகிறது? விட்டுவிட்டாள்.

காது கேளாதவர்களோடு பழகிப் பழகி அவளுக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து பேசுவாள். அவர்கள் முதுகைத் திருப்பிவிட்டால், பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி எதை வேண்டுமானாலும் பேசுவாள். இரண்டாவதை ஒரு பழக்கம் என்றே அவள் நினைத்ததில்லை.

அணுமின் நிலையத்தில் விபத்து நடந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே குடியிருக்கலாம், பயமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அவர்களில் நாற்பது பேருக்குக் காது மெஷின் கொடுப்பதென்று முடிவாகி, இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு குழு போய்ச் சோதனை செய்து, மெஷின் காதுக்குள் பொருந்த ஆளுக்கொரு அச்சும் எடுத்து வந்திருந்தது. இப்போது யாராவது போய்ப் பொருத்திவிட்டு வரவேண்டும். போகவேண்டிய பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி. மேலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். பேச்சு முடிந்துவிட்டது.

வீட்டில் கேட்டதும் கணவர் உடனே தம்பிக்குப் போன் போட்டார். கொழுந்தன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன்; அன்று சாயங்காலமே வந்து உட்கார்ந்துகொண்டான்.

“அஞ்சு நாள் அந்த ஊர்ல நடமாடறதால ஒண்ணும் ஆயிடாது அண்ணி. வாய் வழியா உள்ள போறதுதான் வம்பு. பால், கீரை, காளான், ஆத்து மீன், இந்த நாலு பக்கமும் திரும்பவே திரும்பாதீங்க. மத்ததும் எந்த மண்ணுல விளைஞ்சதுன்னு தெரியாம தொடாதீங்க.”

“அப்ப பட்டினி கிடந்துட்டு வரச் சொல்றியா?”

“இங்கேருந்து எடுத்துட்டுப் போங்க.”

அப்படித்தான் அந்தப் பெரிய பெட்டி நிரம்பியது. ஓரமாக நாலு செட் துணி. மற்ற இடமெல்லாம் ரொட்டி, பிஸ்கட், டின்னில் அடைத்த பயறு, வறுத்த கடலை, ஒரு டஜன் தண்ணீர் பாட்டில். எட்டு வயது மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மா, அங்க போய்க் கடை வைக்கப் போறியா?” என்றாள்.

அந்த ஊரில் தங்கும் விடுதிகள் மூடிக் கிடந்தன. சுகாதார நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு வீட்டு மாடியறையை ஏற்பாடு செய்திருந்தார்கள். சாப்பாடும் அந்த வீட்டிலேயே. வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கணவர் இல்லை. டின்னில் உணவு அடைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சலுக்கே இரண்டு காதையும் கொடுத்துவிட்டார். நாற்பது பேர் பட்டியலில் அவர் பதினாலாம் எண்.

வந்து இறங்கியதும் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை அவரே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சு வாங்க, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: “என்னம்மா இவ்வளவு கனம்! எல்லாம் காது மெஷினா?”

“ஆமா” என்று தலையாட்டினாள். அது முதல் பொய்.

கீழே சமையலறையில் சாப்பாட்டு மேசை. மேசை விரிப்பைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். மடித்த கோடு இன்னும் தெரிந்தது. நாலு நாற்காலியில் மூன்றில் மெத்தை இல்லை. மெத்தை இருந்த நாற்காலியை இவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஆவி பறக்கச் சூப்பும் சோறும் வேகவைத்த காயும் கொண்டுவந்து வைத்தார். தட்டில் கேரட் பளிச்சென்று இருந்தது. எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்தி தெரிந்தது, பிடுங்கிய இடத்தில் ஈர மண் கூடத் தெரிந்தது.

இவள் நாற்காலியில் உட்காரவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு வயித்துப்புண். காரம் ஆகாது. ரொம்ப மெதுவாத்தான் சாப்பிட முடியும். தட்ட ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடறேனே?”

வீட்டுக்காரம்மாவின் முகம் அப்படியே மாறிப்போனது. “அய்யய்யோ, முன்னாடியே தெரியாம போச்சே! இருங்க இருங்க” என்று தட்டை வாங்கி, காயை எடுத்துவிட்டு, சோற்றைத் திரும்ப அடுப்பில் வைத்துக் குழைய விட்டுக் கொடுத்தார்.

மாடியில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் அதைப் பிளாஸ்டிக் பையில் கொட்டினாள். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. பிறகு தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, சத்தம் வராமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். காது கேட்காத வீட்டில் எதற்குச் சத்தத்துக்குப் பயந்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

அதற்குப் பிறகு அதுவே வாடிக்கையாகிவிட்டது. காலையில் ஒரு தட்டு, மத்தியானம் ஒரு தட்டு, இருட்டுகிற நேரத்தில் ஒரு தட்டு. காலைப் பையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடக்கும்போது இடுப்பில் இளஞ்சூடு தெரியும். பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். தட்டை அவளே கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று வாய் கூசாமல் சொல்வாள். வீட்டுக்காரம்மா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். உதட்டிலிருந்துதான் அவருக்குப் பேச்சு கிடைக்கும். ‘நல்லா இருந்துச்சு’ என்பது உதட்டில் முடிந்ததும் பூரித்துப் போவார்.

ஒவ்வொரு நாளும் சாப்பாடு அவளுடைய இல்லாத வயிற்றுப்புண்ணுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே வந்தது. உப்பு குறைந்தது. எண்ணெய் நின்றது. காயை மசித்து வடிகட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் சுடுநீரில் என்னமோ விதையைப் போட்டு, “என் வீட்டுக்காரருக்கும் புண்ணு இருந்துச்சு, இதுலதான் அடங்குச்சு” என்று ஒரு டம்ளரை நீட்டினார். இவள் மாடிக்குப் போய் அதைக் குளியலறையில் ஊற்றித் தண்ணீர் விட்டாள்.

நாலாம் நாள் காலையில் பதினாலாம் எண்ணை அழைத்தாள்.

வீட்டுக்காரம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அச்சு காதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டி, மெதுவாக ஒலியைக் கூட்டினாள். வீட்டுக்காரம்மா கண்ணை அகலமாகத் திறந்து நாலு பக்கமும் பார்த்தார். மேசையில் இருந்த தாளைத் தொட்டார், அது சரசரத்தது. கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார்.

“இதுக்குக்கூடவா சத்தம் இருக்கு?” என்றார். அந்தக் குரலின் உரப்பு அவருக்கே கேட்டுவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், “நான் இப்படியா கத்திக்கிட்டிருந்தேன் இத்தன நாளா?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறோம் என்று தோன்றுகிற நிமிடம் அது. “முதல்ல ரெண்டு மணி நேரம் போட்டுட்டுக் கழட்டி வச்சிடுங்க. புதுசுல தலை வலிக்கும். நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்” என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வீட்டுக்காரம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தட்டு தயாராகிற வரைக்கும் இவள் மேசையருகே நின்றாள். கணவரிடமிருந்து போன் வந்தது.

“சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?” அவருடைய கேள்வி எப்போதும் அதுதான்.

“நம்ம ரொட்டிதான். இன்னும் ரெண்டு பாக்கெட் இருக்கு, கவலைப்படாதீங்க. இங்க உள்ளது ஒரு பருக்கைகூட நான் வாயில வைக்கல. எல்லாத்தையும் பையில கட்டிக் குப்பையில போட்டுடறேன்.”

“அந்தம்மாவுக்குச் சந்தேகம் வரலையே?”

“வயித்துப்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். வேளாவேளைக்குக் குழையக் குழைய வடிச்சுக் கொட்டுது. பாவம், நம்பிடுச்சு.”

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா அப்படியே நின்றார். முடியை அள்ளி முடிந்திருந்ததில் வலது காதுக்குப் பின்னால் மெஷின் தெரிந்தது. காலை பத்து மணிக்கு மாட்டியது. இப்போது ஒன்றரை.

இவள் போனை அணைத்தாளா, அதுவாக அணைந்ததா, நினைவில்லை.

வீட்டுக்காரம்மா திரும்பினார். இந்தத் தடவை இவள் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். கத்தவும் இல்லை. காலையில் கற்றுக்கொண்ட தாழ்ந்த குரலிலேயே கேட்டார்.

“பாவம்னு சொன்னது என்னையா?”

அவள் தலைகுனிந்தாள். மேசை விரிப்பில் மடித்த கோடு நாலு நாளில் மறைந்துபோயிருந்தது.

“கழட்ட மனசு வரல” என்றார் வீட்டுக்காரம்மா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. “தண்ணி கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு. அதையே கேட்டுக்கிட்டு நின்னேன்.”

“அக்கா, நான்…”

“எனக்கும் ஒரு மக இருக்கா. ரெண்டு பேரப்பிள்ளைங்க. இங்க வந்தா அவளும் பெட்டி நிறைய சாப்பாடு கொண்டாருவா. இதே மேசையில, எனக்கு எதிர்லயே உக்காந்து, அவ கொண்டாந்ததைப் பிரிச்சுப் பிள்ளைங்களுக்கு ஊட்டுவா. வருத்தம்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யறா.” அடுப்பில் இருந்த பாத்திரத்தை மூடினார். “நீங்களும் சொல்லியிருக்கலாம். வேண்டாம்னா ஒரு வார்த்தை. நான் என்ன அடிச்சா ஊட்டப்போறேன்?”

பிறகு காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். பழக்கமில்லாத விரல்களில் அச்சு சிக்கிக்கொண்டு வர மறுத்தது. பதினாறு வருடத்தில் ஆயிரம் காதுகளில் மாட்டிக் கழற்றிய கை, உதவிக்குக்கூட நீளத் தைரியமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கழற்றி, சின்னப் பெட்டியில் வைத்து மூடி, மேசை மேல் நகர்த்தினார்.

“இது எனக்கு வேண்டாம்மா. கேக்காமலே நல்லாத்தான் இருந்தேன்.”

அன்று மத்தியானத்துக்கு மேல் அவள் பதினோரு பேருக்கு மெஷின் பொருத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் அழுதார். அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொருவர் காதிலும் மெஷினை மாட்டும்போது, இவர் இனி யார் வாயிலிருந்து என்ன கேட்கப்போகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தேவலை. ஐந்தாம் நாள் காலையில் சுகாதார நிலையத்துப் படியேறும்போது கீழ்த்தளத்தில் ஒருவர் அவளை நிறுத்தினார். உணவுப் பொருளில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சோதனைக் கவுண்டர் அங்கே இருந்தது. ஊர்க்காரர்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கவுண்டரில் இருப்பவர் அவர்.

“இப்ப வயித்துப்புண் எப்படி இருக்குங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு யார் சொன்னா?”

“உங்க வீட்டுக்காரம்மாதான். மூணு நாளா காலைல ஏழு மணிக்கு முதல் ஆளா வந்து நின்னாங்க. அரை கிலோ பொடியா நறுக்கிக் கொடுக்கணும். கொடுத்தது திரும்பக் கிடைக்காது. ஒரு பொருளுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். அரிசி, கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, எல்லாம் கொண்டாந்தாங்க. விருந்தாளி ஏற்கெனவே வயித்து நோவுக்காரங்க, அவங்களுக்குத் தப்பானதக் கொடுத்துடக் கூடாதுன்னாங்க.” அவர் சிரித்தார். “இத்தன நாள்ல தனக்குன்னு ஒரு தடவகூட அவங்க வந்ததில்லீங்க. நேத்துப் பூசணியில கொஞ்சம் இருந்துச்சு. அளவுக்கு உள்ளதான். ஆனாலும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மத்த எல்லாம் சுத்தம். இன்னைக்கு ஏன் வரலைன்னு தெரியல.”

“சோதனைச் சீட்டு எதுவும் என்கிட்ட காட்டலையே” என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

“நானும் கேட்டேன். சீட்டக் காட்டினா சந்தேகம் வந்துடும், நிம்மதியா சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னாங்க.”

அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஏறி இறங்குகிறவர்கள் “என்னங்க, வயித்து வலியா?” என்று விசாரித்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது அவளுடைய புண்.

அன்று மத்தியானம் நேராகச் சமையலறைக்குப் போனாள். வீட்டுக்காரம்மா தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். இவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி, “எனக்கும் போடுங்க அக்கா. சாப்பிடறேன்” என்றாள்.

வீட்டுக்காரம்மா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“பயம் போயிடுச்சா?”

போயிடுச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. சோதனைச் சீட்டு, அளவு, சுத்தம் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் மகளின் முகம் வந்து போனது. இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப வேண்டாம்” என்றார் வீட்டுக்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. “எனக்காக மருந்து மாதிரி முழுங்க வேண்டாம். நீங்க போய் உங்க ரொட்டியச் சாப்பிடுங்க.”

கிளம்பும்போது மெஷின் பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். “திரும்ப எடுத்துட்டுப் போக மாட்டேன் அக்கா. இது உங்க காதுக்குன்னே செஞ்சது. வேற யாருக்கும் சேராது” என்றாள். வீட்டுக்காரம்மா கேட்டாரா, உதட்டைப் படித்தாரா, இரண்டும் இல்லையா, தெரியவில்லை. இந்தத் தடவையும் பெட்டியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார். பெட்டி இப்போது லேசாகத்தான் இருந்தது. அப்படியும் வாசல் வரை வந்தார். அதுதான் அவளை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

வீட்டில் எல்லோரும் அவள் பத்திரமாகத் திரும்பியதைக் கொண்டாடினார்கள். கொழுந்தன், “எதையும் தொடலையே அண்ணி? சமத்து” என்றான். கணவரிடம் மட்டும் ஒரு நாள் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “நீ ஒண்ணும் தப்பு செய்யல. நமக்குக் குழந்த இருக்கு” என்றார். அது சரிதான் என்று அவளுக்கும் தெரியும். சரியாக இருப்பது உதவவில்லை. தட்டில் சோறு குழைந்து விழுந்தால் போதும். எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

ஆறு மாதம் கழித்து மெஷின்களைச் சரிபார்க்க யாராவது போகவேண்டும் என்றபோது, மேலாளர் யாரையும் பார்ப்பதற்கு முன்பே கையைத் தூக்கினாள்.

அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு தட்டுக்கே கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா காதில் மெஷின் இருந்தது.

“மூணு மாசம் அந்தத் திட்டுலயேதான் கிடந்துச்சு” என்றார், அவள் கேட்காமலே. “அப்புறம் பேத்தி போன்ல பாட்டுப் பாடறேன்னு எழுதி அனுப்பினா. ரோஷத்தப் பார்த்தா பாட்டுக் கேக்க முடியுமா?”

அவள் வாசலிலேயே நின்று, யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்: “நான் என் சாப்பாட்டக் கொண்டு வந்திருக்கேன் அக்கா. உங்க சாப்பாடு சாப்பிட எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. உங்ககூட ஒரே மேசையில உக்காந்து என் ரொட்டியச் சாப்பிடலாமா?”

“உள்ள வாங்க முதல்ல” என்றார்.

சாப்பிட்டார்கள். ஒருவர் தட்டில் சோறு, ஒருவர் தட்டில் ரொட்டி. பேத்தியைப் பற்றியும், தெருவில் லாரி ஹாரன் அடித்தால் மெஷின் மண்டையைப் பிளப்பதைப் பற்றியும் வீட்டுக்காரம்மா பேசினார். அந்தக் குப்பைப் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசுவார் என்று ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து, இவளுக்கு ரொட்டி இறங்கவில்லை.

மறுநாள் சுகாதார நிலையத்தில் பதினாலாம் எண். லாரி ஹாரனுக்காக உச்ச ஒலியைக் குறைத்தாள். பிறகு கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, உதடு தெரியாமல் பட்டியலில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். எதிரில் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

“கதவு.”

“கதவு.”

“வெயில்.”

“வெயில்.”

“பட்டம்.”

“பட்டணம்… இல்ல, பட்டம்.”

ஏழெட்டுச் சொல் ஆனது. அடுத்ததைப் படிக்க அவள் கண் பட்டியலுக்குப் போகவில்லை. முகத்துக்கு முன்னால் அட்டை இருந்தது. அந்த மறைவு கிடைத்ததால்தான் சொல்ல முடிந்தது.

“மன்னிச்சிடுங்க.”

வீட்டுக்காரம்மா கொஞ்சம் தலையைச் சாய்த்தார். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்க” என்று திருப்பிச் சொன்னார். “சரியா?”

“சரிங்க.”

“ரொம்ப மெதுவா சொன்னீங்க. ஆனாலும் கேட்டுச்சு.”

படிவத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை. அவள் அட்டையை இறக்காமல், அதற்குப் பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனாள்.